மனைவி சம்பாதித்தது யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்தின் 1870, 1882 சட்டங்கள்

லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டிடம் ஒருவன் பர்ஸை அடித்தான், பிடிபட்டான். குற்றப்பத்திரிகையில் அந்த பர்ஸ் 'ஹென்றி ஃபாசெட்டின் உடைமை' என்று இருந்தது. ஹென்றி அவருடைய கணவர். திருட்டுக் குற்றம் தன்மேலேயே விழுந்ததுபோல் இருந்தது என்று மில்லிசென்ட் பின்னாளில் எழுதினார்.

அன்றைய சட்டம் அப்படித்தான். கல்யாணம் ஆனதும் புருஷன், மனைவி இருவரும் சட்டத்துக்கு ஒரே ஆள். அந்த ஆள் புருஷன். அவளுடைய நகையும் ரொக்கமும் கூலியும் அவனுக்கு. அவள் பேரில் நிலம் இருந்தால் வாடகை அவன் கைக்குப் போகும். அவன் சம்மதமில்லாமல் அவள் உயில்கூட எழுத முடியாது. வசதியான வீடுகள், வேறொருவர் பொறுப்பில் சொத்தை ஒப்படைக்கும் அறக்கட்டளை (trust) ஏற்படுத்தி மகளின் சொத்தைக் காப்பாற்றின. ஆலைக்குப் போனவளுக்கு ஏது அந்த வசதி?

பிள்ளைகளும் தகப்பனுக்கே. எழுத்தாளர் கரோலின் நார்டனின் மூன்று மகன்களையும் 1836-இல் கணவர் பிரித்துக்கொண்டு போனார். கரோலின் விடாமல் எழுதி வாதாடியதன் பலன், 1839-இல் ஒரு சட்டம்: ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தரும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம். தாயின் தகாத உறவு நிரூபணமாகியிருந்தால் அதுவும் இல்லை. 1842-இல் அவருடைய கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். தாய் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

சரி, சொத்து விஷயத்துக்கு வருவோம். 1870-இன் 'மணமான பெண்கள் சொத்துச் சட்டம்' (Married Women's Property Act) மனைவியின் கூலியையும் அதில் அவள் சேர்த்ததையும் அவளுக்கே ஆக்கியது. உயில் மூலம் வரும் பணத்தில் 200 பவுண்டு வரைதான் அவளுக்கு. அரைகுறைச் சட்டம்தான்; ஆனாலும் கூலிக்காரப் பெண்ணுக்கு அது பெரிய காரியம். 1882-இல் அதே பெயரில் வந்து 1883 ஜனவரி 1 முதல் அமலான சட்டம்தான் முழுசாகக் கொடுத்தது: கல்யாணத்துக்கு முன்போ பின்போ வந்த எல்லாச் சொத்தும் அவளுடையது, ஒப்பந்தம் போடலாம், தன் பேரிலேயே வழக்கும் தொடுக்கலாம்.

இதே பெயரில் இந்தியாவில் 1874-இல் வந்த சட்டம் (சுருக்கமாக எம்.டபிள்யூ.பி. சட்டம்) இன்றும் இருக்கிறது. அதன் ஆறாம் பிரிவின்கீழ், மனைவி, பிள்ளைகளின் நன்மைக்கென்று கணவர் தன் உயிர்மேல் எடுக்கும் காப்பீட்டுத் தொகையில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. கடனை ஏமாற்றவே எடுத்திருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு முழுதாகக் கிடைக்காது. பாலிசி எடுக்கும்போதே 'எம்.டபிள்யூ.பி. சட்டத்தின்கீழ்' என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.