ஸ்டாண்டில் ஓடும், மேம்பாலத்தில் நிற்கும்: கையால் கட்டிய மின்சைக்கிளின் மின்கோளாறுகள்

டபுள் ஸ்டாண்டு போட்டு த்ராட்டிலைத் திருகினால் பின்சக்கரம் அருமையாகச் சுற்றுகிறது. தெருவில் இறக்கி ஓட்டினாலும் சரியாகத்தான் போகிறது. மேம்பாலம் ஏற ஆரம்பித்ததும் பாதியில் மோட்டார் அடங்கிவிடுகிறது. த்ராட்டிலை விட்டுவிட்டு மறுபடி திருகினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. சாதாரண சைக்கிளில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) கிட் மாட்டி, பேட்டரி பெட்டி கட்டி, தானே மின்சைக்கிள் செய்துகொண்ட பலரும் சந்திக்கும் கோளாறு இது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கன்ட்ரோலர் போய்விட்டது போல என்று நினைத்துப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதே மேம்பாலத்தில் அதே இடத்தில் மறுபடியும் நிற்கும்.

36 வோல்ட், 250 வாட் கிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் சுமார் 1 ஆம்பியர். ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது அது 15 ஆம்பியர் வரை போகும். இங்கேதான் 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி வேலை செய்கிறது. ஒரு மின்தடை வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ, அதற்கேற்ற விகிதத்தில் அங்கே மின்னழுத்தம் இழக்கப்படும். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஒரு கனெக்டர் லேசாகத் தளர்ந்து, அதன் தடை 0.2 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஸ்டாண்டில் அங்கே தொலைவது 0.2 வோல்ட், யாருக்கும் தெரியாது. ஏற்றத்தில் தொலைவது 3 வோல்ட். பாதி தீர்ந்த பேட்டரி அந்தப் பளுவில் 34 வோல்ட் கொடுத்தால், கன்ட்ரோலருக்கு வந்து சேர்வது 31 தான். 36 வோல்ட் கன்ட்ரோலர்கள் பல அந்த அளவுக்கு இறங்கினால் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக மோட்டாரை நிறுத்திவிடும். த்ராட்டிலை விட்டதும் மின்னோட்டம் குறைகிறது, 3 வோல்ட்டும் திரும்பி வருகிறது, வண்டியும் ஓடுகிறது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மின்னோட்டம் ஓடாத நேரத்தில் எடுத்த அளவு இந்த மாதிரிக் கோளாறைக் காட்டவே காட்டாது. மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை நம்பி 'கனெக்‌ஷன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டுவதும் இதனால்தான் தப்பாகிறது. சில பத்து ஓம் தடை இருந்தால்கூட அந்த பீப் வரும். நாம் தேடுவதோ ஒரு ஓமில் ஐந்தில் ஒரு பங்கு.

அப்படியானால் எப்படித் தேடுவது? மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சந்தேகப்படும் கனெக்டரின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு முனையைத் தொட வையுங்கள். பிளஸ், மைனஸ் என்று குறுக்கே வைக்கக் கூடாது. ஒரே பிளஸ் வயரில், கனெக்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மீட்டரை ஹேண்டில்பாரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். நல்ல கனெக்டர் என்றால் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். முனைகளின் வெறும் உலோகம் வேறெதிலும் படாதபடி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் வயரே உருகும்.

அளக்க வசதியில்லை என்றால், ஏற்றம் ஏறி முடித்ததும் கனெக்டர்களைத் தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். 15 ஆம்பியரில் 0.2 ஓம் தடை 45 வாட் வெப்பத்தைக் கக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டைச் சேர்த்தால் வரும் சூடு கிட்டத்தட்ட அது, அதுவும் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் கூட்டுக்குள். தடை அதிகமானால் சூடு, சூட்டில் பித்தளை கறுத்துப் பிடிப்பு தளரும், தளர்ந்தால் தடை இன்னும் அதிகம். தானாகச் சரியாகும் வகை இல்லை இது.

கனெக்டர் கெட்டுப்போக இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரியைச் செருகும் நொடியில் 'பட்' என்று ஒரு பொறி பறக்கிறதே, அது கோளாறு என்று பலர் பயப்படுகிறார்கள். கன்ட்ரோலரின் வாசலில் பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. காலியாக இருக்கும் மின்தேக்கி முதல் கணத்தில் ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான் நடந்துகொள்ளும், நிரம்பியதும் அமைதியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு பொறியும் தொடுமுனையில் சின்னப் பள்ளம் ஒன்றைச் சுட்டுவிட்டுப் போகிறது. எக்ஸ்டி90-எஸ் போன்ற கனெக்டர்களில் செருகும்போது முதலில் ஒரு சிறு மின்தடை வழியாகத் தொடும்படி செய்திருப்பது இதைத் தவிர்க்கத்தான். தினமும் பேட்டரியைக் கழற்றி மாட்டுபவர்கள் அதற்குச் செலவழிக்கலாம் என்பேன்.

கனெக்டர்கள் எல்லாம் சுத்தம், ஆனாலும் நிற்கிறது என்றால் அடுத்து பேட்டரி. நிற்கும்போது டிஸ்ப்ளேயைக் கவனியுங்கள். டிஸ்ப்ளே எரிந்துகொண்டே மோட்டார் மட்டும் அடங்கினால் கன்ட்ரோலர் நிறுத்துகிறது. டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணைந்தால், ஒன்று வயர் எங்கோ விட்டுவிட்டது, அல்லது பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) துண்டித்துவிட்டது. கன்ட்ரோலர் பார்ப்பது பேட்டரியின் மொத்த வோல்ட்டை மட்டும். பிஎம்எஸ் ஒவ்வொரு செல் வரிசையையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 36 வோல்ட் பேக்கில் அப்படி 10 வரிசை தொடராக இணைந்திருக்கும். அதில் ஒன்பது 3.6 வோல்ட்டில் நன்றாக இருக்க, ஒன்று மட்டும் பளுவில் 2.7-க்கு இறங்கினால் மொத்தம் 35.1. மீட்டரில் பார்த்தால் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வரிசைக்காக பிஎம்எஸ் எல்லாவற்றையும் மூடிவிடும். மூடியதுதான் சரியும்கூட.

இதிலே இன்னொரு குழப்பம். பிஎம்எஸ் துண்டித்த பிறகும் பேட்டரியின் வெளிமுனையில் மீட்டரை வைத்தால் முழு வோல்ட்டுக்கு அருகே காட்டக்கூடும். 'பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டிதான் ஓடவில்லை' என்று ஆட்கள் நாள்கணக்கில் அலைவது இதனால்தான். பிஎம்எஸ் அணைப்பது மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்சுகளை. அணைந்த மாஸ்ஃபெட் வழியாகவும் மிக மிகச் சிறிய கசிவு இருக்கும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் அளவு என்பதால், வோல்ட் காட்ட அந்தக் கசிவே அதற்குப் போதும். சோதிக்க ஒரு எளிய வழி: ஒரே மாதிரி 12 வோல்ட் ஆட்டோ பல்பு மூன்றைத் தொடராக இணைத்து முனையில் தொடுங்கள். எரியவில்லை, மீட்டரில் காட்டிய வோல்ட்டும் விழுந்துவிட்டது என்றால் அது வெறும் கசிவு.

வரிசைகளுக்குள் வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால், முழு சார்ஜ் ஆன பிறகும் சில மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவைத்தால், சமன் செய்யும் வசதியுள்ள பிஎம்எஸ் மெதுவாகச் சரிசெய்துகொள்ளும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். பிஎம்எஸ்ஸைச் சுற்றி ஒரு வயர் போட்டு நேரடியாக இணைத்துவிடும் 'வைத்தியம்' ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், செய்ய வருபவரையும் விடாதீர்கள். 2.7 வோல்ட்டில் கெஞ்சும் செல்லை இன்னும் கீழே இழுத்து, பிறகு அதையே சார்ஜ் செய்வதுதான் வீட்டுக்குள் தீப்பிடிக்க நேர்வழி.

சரி, வண்டி நிற்கவில்லை, ஆனால் புறப்படும்போது மோட்டார் உறுமுகிறது, உதறுகிறது, காலால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடிவிடுகிறது என்றால் கதை வேறு. பெரும்பாலும் ஹால் சென்சார்.

ஹப் மோட்டாரில், சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கரித்துண்டு (பிரஷ்) கிடையாது. சக்கரத்தோடு சுற்றும் காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தச் சுருளுக்கு மின்சாரம் அனுப்புவது என்று கன்ட்ரோலர் முடிவு செய்ய முடியும். அதைச் சொல்வதற்கு மூன்று ஹால் சென்சார்கள் உள்ளே இருக்கின்றன. எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விளைவைப் பயன்படுத்தி, எதிரே இருப்பது வடதுருவமா தென்துருவமா என்பதை ஒவ்வொன்றும் 'உண்டு', 'இல்லை' என்று சொல்லும். மூன்று பேர் சொன்னால் எட்டுச் சேர்க்கை வர வேண்டும். சென்சார்கள் அமைந்திருக்கும் கோணத்தால் ஆறுதான் வரும். மூன்றும் 'உண்டு', மூன்றும் 'இல்லை' என்ற இரண்டும் வரவே கூடாது. ஒரு சென்சார் செத்தால் அந்த வரக்கூடாத சேர்க்கை வருகிறது, மற்ற சில இடங்களில் தவறான சேர்க்கையும் வருகிறது. கன்ட்ரோலர் குழம்பி, தவறான சுருளுக்கு அனுப்புகிறது, அல்லது நிறுத்திவிடுகிறது. ஓடும் வேகத்தில் அந்தக் குருட்டுப் பகுதியைச் சக்கரம் தாண்டிவிடும், நின்ற இடத்திலிருந்து தாண்ட முடியாது.

சோதிக்கும்போது சென்சார் வயரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றாதீர்கள். இந்த சென்சார்களால் வோல்ட்டைக் கீழே இழுக்கத்தான் தெரியும். மேலே தூக்குவது கன்ட்ரோலரில் இருக்கும் ஒரு மின்தடை. கழற்றிவிட்டு அளந்தால் நல்ல சென்சாரும் செத்ததாகத்தான் தெரியும். இணைப்பு அப்படியே இருக்க, வண்டியை ஆன் செய்து, கறுப்பு (மைனஸ்) வயரில் ஒரு முனையும், மஞ்சள், பச்சை, நீலம் மூன்றிலும் மாறி மாறி மறுமுனையும் வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மூன்றிலும் 0, 5, 0, 5 என்று மாற வேண்டும். பல்சக்கரம் உள்ள சின்ன ஹப் மோட்டார் என்றால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். முன்பக்கம் சுற்றினால் உள்ளே இருக்கும் ஃப்ரீவீல் மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் ஓடவிடும்.

மூன்று சென்சாரும் நன்றாக இருந்தும் டிஸ்ப்ளேயில் வேகம் தாறுமாறாகக் குதித்தால், மோட்டார் சுருள்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த ஃபேஸ் வயர்களும் மெல்லிய சென்சார் வயர்களும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸ் வயரில் மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிப் போகிறது. அந்த அதிர்வு பக்கத்து வயரில் தூண்டப்படும். பிரித்துக் கட்டினாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

சுவிட்சை அணைத்த பிறகும் சக்கரம் தள்ளத் தள்ள எதிர்க்கிறது என்றால் (பல்சக்கர மோட்டாரில் பின்பக்கமாகத் தள்ளும்போது) எங்கோ ஷார்ட். சுற்றும் காந்தம் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது, ஷார்ட் வழியாக அது ஓடுகிறது, 1834-இல் லென்ஸ் சொன்னபடி சுழற்சியையே எதிர்க்கிறது. மூன்று ஃபேஸ் வயரையும் கழற்றுங்கள். சக்கரம் லேசானால் கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட் செத்திருக்கிறது. அப்போதும் கனமாக இருந்தால் சுருளிலோ அச்சுக்குள் போகும் வயரிலோ ஷார்ட்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது த்ராட்டில். அதற்குள்ளும் ஒரு ஹால் சென்சார்தான். விட்ட நிலையில் சுமார் 0.8 வோல்ட், முழுக்கத் திருகினால் 4 வோல்ட்டுக்கு அருகே. அதன் கறுப்பு வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும். கன்ட்ரோலர் அதை முழு வேகக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளலாம். பல கன்ட்ரோலர்கள் இதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும், எல்லாம் அல்ல. அதனால் த்ராட்டில் வயரைத் தொட்ட பிறகு முதல் சோதனை எப்போதும் சக்கரம் தரையில் படாமல்தான் நடக்க வேண்டும். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சையும் அப்போதே சரிபாருங்கள். அது ஒட்டிக்கொண்டால் வண்டி அசையவே அசையாது. பெரும்பாலான கிட்களில் அதன் கனெக்டரைக் கழற்றினாலே தெரிந்துவிடும். தெரிந்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

மழை பெய்த மறுநாள் காலை ஓடாமல், வெயில் ஏறியதும் ஓடும் வண்டியில் கனெக்டருக்குள் ஈரம் இருக்கிறது. அழுக்கும் உப்பும் கலந்த நீர்ப்படலம் 5 வோல்ட் வயருக்கும் சிக்னல் வயருக்கும் நடுவே மெல்லிய பாதை போட்டுவிடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்து, காயவைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும். மோட்டார் வயர் அச்சுக்குள் நுழையும் இடத்தில், வயரை முதலில் அச்சுக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே கொண்டுபோங்கள். வழிந்து வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கனெக்டர்களின் வாய் கீழே பார்க்கட்டும். டேப் சுற்றும்போது மேல்பக்கத்தை இறுக்கிச் சுற்றி, அடிப்பக்கத்தில் கொஞ்சம் திறந்தே விடுங்கள்; உள்ளே போன நீர் வெளியே வர வழி வேண்டும்.