தலையணைக்கு அடியில் ஒரு மட்டிப்பழம்

மட்டி என்ற சின்ன வாழைப்பழத்தை ரொம்ப நாள் ஒளித்து வைக்க முடியாது. வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு முன்பே எறும்பு காட்டிக்கொடுத்துவிடும்.

குமரி மாவட்டத்தில், குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்த ஒரு பையன். பத்து வயது. இப்போது குலசேகரம் பக்கத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வந்து ஆறு நாள் ஆகிறது. காலையில் புட்டும் பயறும், மதியம் மீன் குழம்பு, சாயங்காலம் அவித்த மரச்சீனிக் கிழங்கு. எதற்கும் குறைவில்லை. ஆனாலும் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒரு பழம் அவன் தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. காலையில் அந்த வீட்டு மாமி பாயை உதறினால் எறும்பு வரிசை.

மக்களே, இவன் திருடன் இல்லை. தீனிப்பண்டாரமும் இல்லை. அவன் உடம்பு ஒரு கணக்குப் போடுகிறது: இன்றைக்குச் சோறு இருந்தது, சரி, நாளைக்கும் இருக்கும் என்று யார் சொன்னது? அந்தக் கணக்கு எங்கே நடக்கிறது, அதை யார், எப்படி மாற்றுகிறார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொந்த வீட்டில் இப்போதைக்கு இருக்க முடியாமல் வேறொரு குடும்பத்தில் வளரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான். பெரியவர்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். இது தத்து இல்லை. தத்துக் கொடுத்தால் சட்டப்படி அந்தப் புதிய அப்பா அம்மாதான் அப்பா அம்மா. இதில் அப்படிக் கிடையாது. அம்மாவுக்கு நீண்ட நாள் சிகிச்சையாக இருக்கலாம், வீட்டில் அடி உதையாக இருக்கலாம், பார்த்துக்கொள்ள ஆளே இல்லாமல் இருக்கலாம். நிலைமை சரியாகும்வரை இன்னொரு குடும்பம் உங்களைப் பார்த்துக்கொள்கிறது. அந்த வீட்டு மாமியை 'அம்மா' என்று கூப்பிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மாமி, சித்தி, அக்கா, எது வாயில் வருகிறதோ அது.

மாமன் சொத்து மருமக்களுக்குப் போகும் மருமக்கவழி முறை இருந்த நாஞ்சில் நாட்டில், பிள்ளைகள் தாய்மாமன் நிழலில் வளர்ந்தது ஒரு காலத்தில் சாதாரணம். இன்னொரு வீட்டில் வளர்வதை ஏதோ குறை மாதிரி நாம் பார்க்கத் தொடங்கியது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அது இருக்கட்டும், மூளைக்கு வருவோம்.

மூளையின் இரண்டு பக்கத்திலும், காதுக்கு உள்பக்கமாக, வாதுமைக் கொட்டை அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அமிக்டலா. ஆபத்து வருகிறதா என்று எப்போதும் காவல் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது மணி அடித்தால் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி வழியாகச் செய்தி இறங்கி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகும். அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். நாய் துரத்தினால் தப்பி ஓட இதெல்லாம் வேணும். நாய் போனதும் அடங்கிவிடவும் வேணும்.

நாய் துரத்தாத நாளிலும் கார்ட்டிசால் ஏறி இறங்கும். விழித்த கொஞ்ச நேரத்தில் உச்சத்துக்குப் போகும், நடு ராத்திரி வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். ஊசி குத்தாமல், கொஞ்சம் எச்சிலை எடுத்தே இதை அளந்துவிடலாம். அமெரிக்காவில் வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த சின்னப் பிள்ளைகளிடம் அப்படி அளந்து பார்த்தார்கள். பலருக்குக் காலை உச்சம் எழவே இல்லை. கோடு தட்டையாகக் கிடந்தது. மணி அடித்து அடித்து ஓய்ந்துபோன உடம்பு. ஆனால், பிள்ளை அழுதால் என்ன செய்வது, முரண்டு பிடித்தால் எப்படிப் பேசுவது என்று வளர்ப்புப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகளில் கோடு ஒழுங்கான வடிவத்துக்குத் திரும்பியது. மருந்து மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

நம் பையனுக்கு வருவோம். அவனைத் தூங்கவிடாமல் செய்வது இருட்டு இல்லை, வாசனை. அவன் பிறந்ததிலிருந்து மூக்கில் இருந்தது உப்புக்காற்றும் கருவாடும். இங்கே ரப்பர் ஷீட் வாடை. ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்து, புகை போட்டுக் காயவைக்கும் வீடுகளில் அந்த நெடி சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கும். பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற நடுநிலையத்தில் இறங்கி மாறித்தான் மூளையின் மற்ற இடங்களுக்குப் போகின்றன. வாசனை மட்டும் அந்த நிலையத்தில் நிற்பதில்லை, அமிக்டலாவுக்கு நேர்வழியில் போய்விடும். அதனால்தான் 'இது நல்ல வீடு' என்று யோசித்து முடிப்பதற்குள் 'இது வேற்று வீடு' என்று உடம்பு சொல்லிவிடுகிறது. விஷயம் தெரிந்த வளர்ப்புக் குடும்பங்கள் பிள்ளை கொண்டுவரும் பழைய போர்வையை உடனே துவைத்துப் போடமாட்டார்கள். அழுக்காகத்தான் இருக்கும். கிடக்கட்டும்.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்கள் ரப்பர் துளிர்க்கும் காலத்தில் பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். இளந்துளிரின் காம்பில் தேன் சுரக்கும். பெட்டியைப் பகலில் தூக்கினால் வெளியே போன ஈக்கள் வழி தெரியாமல் நின்றுவிடும். ராத்திரி, எல்லாம் உள்ளே வந்தபிறகு தூக்க வேண்டும். புது இடத்தில் விடிந்ததும் வாசலில் நின்று பாருங்கள். வெளியே வரும் ஈ நேராகப் பறந்து போகாது. திரும்பி, பெட்டியைப் பார்த்த முகமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து பறக்கும். இடத்தை மனப்பாடம் செய்கிறது. அந்த நேரத்தில் 'ஏன் வேலைக்குப் போகவில்லை' என்று யாரும் ஈயை விரட்டுவதில்லை. புது வீட்டுக்கு வந்த பிள்ளை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாலும், ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் அது இதே வேலைதான்.

குழந்தைகள் இல்லம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கேயே சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்குமே, பிறகு எதற்குக் குடும்பம்? இந்தக் கேள்விக்கு ருமேனியாவில் பதில் தேடினார்கள். புக்காரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளும் நடைபழகும் குழந்தைகளும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அந்த ஆய்வில் சீட்டுப் போட்ட மாதிரிப் பிரித்து, பாதிப் பேரை அதற்கென்றே பயிற்சி கொடுத்த வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பிலேயே இருந்தார்கள். எட்டு வயதில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபோது, இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அலைகள், பிறந்ததிலிருந்தே சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளுடையதைப் போலவே இருந்தன. இல்லத்தில் பலர் மாறி மாறி வந்து சோறூட்டுவார்கள். குழந்தை அழுதால் வருவது யார் என்று அதற்குத் தெரியாது. வீட்டில் தெரியும். இரண்டு வயது தாண்டினால் பிரயோஜனம் இல்லை என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பத்து வயதிலும் பதினைந்திலும் மூளை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது, நேரம்தான் கூட எடுக்கும்.

நம் நாட்டில் வளர்ப்புப் பராமரிப்பு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி நடக்கிறது. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் கூட்டிப்போக வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் எங்கே இருப்பது என்று முடிவு செய்வது அவர்கள்தான், ஆனால் உங்கள் விருப்பத்தைக் கேட்காமல் செய்யக்கூடாது. எந்த வீடு ஏற்றது என்று விசாரித்துச் சொல்வது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அண்ணன் தங்கை என்றால் கூடுமானவரை ஒரே வீட்டில் வைக்கப் பார்ப்பார்கள். செலவுக்காக மாதம் 4000 ரூபாய் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் உண்டு. குழந்தையை வளர்க்க அது போதுமா என்று கேட்டால், என் கணக்கில் போதாது.

அப்புறம், மாதா மாதம் நலக் குழுவிலிருந்து வந்து பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த வருகை உங்களுக்காகத்தான். சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம் கேட்பார்கள். வீட்டுக்காரர்களை வைத்துக்கொண்டு சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். வீடு சரியில்லை என்று தெரிந்தால் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அவர்கள் வரும்வரை பொறுக்க முடியாத விஷயம் என்றால், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். காசு இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள். உங்கள் அப்பா அம்மா உங்களை வந்து பார்க்கலாம். அது உங்களுக்கு நல்லதில்லை என்று குழு நினைத்தால் மட்டும்தான் தடை. அவர்களால் மறுபடி உங்களைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று குழுவுக்குத் தெளிவானால் வீட்டுக்குத் திரும்பலாம்.

ஒரு விஷயத்தைப் பெரியவர்களே அடிக்கடி தப்பாக நினைக்கிறார்கள். பயம் போய்விட்டால் மூளையிலிருந்து அழிந்துவிட்டது என்று. அழிவதில்லை. பழைய பயம் அங்கேயே இருக்கும். 'இங்கே பயமில்லை' என்ற புது நினைவு அதன்மேல் உட்காரும். புதுசு பலமாகும்போது பழசு அடங்கிக் கிடக்கும். அதனால்தான் நன்றாக இருந்த பிள்ளை, ஒரு புயல் ராத்திரியில் முதல் நாள் மாதிரி ஆகிவிடும். அது பின்னடைவு இல்லை, புது நினைவுக்கு இன்னும் சில தடவை வேணும், அவ்வளவுதான்.

எறும்பைப் பார்த்த அன்று மாமி திட்டவில்லை. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு மட்டிப்பழம் போட்டு, அவன் பாய்க்குத் தலைமாட்டில் வைத்தார். "இது ஒனக்குள்ளது மக்ளே. எப்ப வேணும்னாலும் எடுத்துத் தின்னு, கேக்க வேண்டாம்." முதல் வாரம் டப்பா தினமும் காலியானது. அடுத்த வாரம் ஒரு பழம் மிஞ்சியது. மாதக் கடைசியில் ஒரு நாள் திறந்து பார்த்தால் இரண்டுமே தோல் கறுத்துக் கிடந்தன.

மாமி அவற்றை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, தாரிலிருந்து வேறு இரண்டு பிய்த்து வைத்தார்.