கான்டாக்ட் போட்ட கம்பி பழைய கம்பி இல்லை

போன வாரமும் ஒரு மாணவர் வந்தார். படிகத்தின் வளைவு, நெளிவைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தைக் காட்டி, "ஒரு வோல்ட் கொடுத்ததும் சிலிக்கான் நானோ கம்பி வளைஞ்சிடுச்சு சார்" என்றார். கான்டாக்ட், அதாவது மின்சாரம் கொடுக்கும் உலோக இணைப்பு, போட்ட பிறகு, வோல்ட் கொடுப்பதற்கு முன் எடுத்த படம் எங்கே என்று கேட்டேன். எடுக்கவில்லையாம். இதே பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

கான்டாக்ட் என்பது வெறும் ஒட்டு இல்லை. 100 நானோமீட்டர் தடிமனுள்ள கம்பியின் இரு முனையிலும் அதைவிடத் தடித்த உலோகத்தை ஏற்றுகிறோம். அந்தப் படலம் படியும்போதே பெரும்பாலும் இழுவிசையோடு படியும். அப்புறம் சூடாக்கி ஆறவிட்டால், சிலிக்கானைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தங்கம் சுருங்கும். இரு முனையிலும் உலோகம் இப்படிச் சுருங்கி இழுத்தால் கம்பி வளையாமல் என்ன செய்யும்? நிக்கல் போட்டு 400 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறவர்கள் இன்னும் கவனம்: நிக்கல் கம்பிக்குள்ளேயே ஊர்ந்து, சிலிக்கானைச் சிலிசைடாக (நிக்கலும் சிலிக்கானும் சேர்ந்த சேர்மமாக) மாற்றிக்கொண்டே போகும். இரு கான்டாக்டுக்கும் நடுவே நீங்கள் வரைந்த இடைவெளி வேறு, மிஞ்சிய சிலிக்கான் வேறு.

அந்த மாணவரின் சாம்பிளில் பக்கத்துக் கம்பியையும் பார்க்கச் சொன்னேன். கான்டாக்ட் உண்டு, வோல்ட்டே கொடுக்காதது. அதுவும் ஏறக்குறைய அதே அளவு வளைந்திருந்தது.

மின்னழுத்தம் படிகத்தை மாற்றவே மாற்றாதா? துத்தநாக ஆக்சைடு, காலியம் நைட்ரைடு போன்ற பீசோ படிகங்களில், அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் படிகங்களில், மாற்றும். ஆனால் ஒரு மைக்ரானுக்கு ஒரு வோல்ட் கொடுத்தால், துத்தநாக ஆக்சைடிலேயே நீட்சி லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். சிலிக்கானில் அந்த விளைவே கிடையாது.

பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். 10 மைக்ரோஆம்பியர் கொஞ்சமாகத் தெரியும். 100 நானோமீட்டர் கம்பியில் அது சதுர சென்டிமீட்டருக்கு லட்சம் ஆம்பியரைத் தாண்டிவிடும்; வீட்டு ஒயரில் ஓடுவதைப் போல நூறு மடங்குக்கும் மேல். கான்டாக்ட் பக்கம் சூடு வடிந்துவிடும், நடுவில் தங்கிவிடும். அதனால்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் அறுந்து, இரு முனையும் உருகிய மெழுகுபோல உருண்டு நிற்கிறது. கான்டாக்ட் ஓரத்தில் அறுந்திருந்தால் முதலில் கான்டாக்டைச் சந்தேகியுங்கள்.

சரி, இனியாவது: கான்டாக்டுக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், வோல்ட்டோடு ஒன்று, மறுபடி பூஜ்யத்துக்கு வந்து ஒன்று. நான்கும் இல்லாமல் என்னிடம் வராதீர்கள். மின்னோட்ட வரம்பை வைத்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏறுங்கள். மின்சாரம் கொடுக்கும் சோர்ஸ் ஆனில் இருக்கும்போது புரோப் ஊசியைக் கான்டாக்ட் மேல் இறக்கவே கூடாது.

தயவுசெய்து மணிக்கட்டு எர்த் பட்டையைப் போடுங்கள். நடந்து வரும்போதே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடும். சுமார் 3000 வோல்ட்டுக்குக் கீழே உங்கள் விரலுக்கு எதுவும் தெரியாது. கம்பிக்குத் தெரியும்.