அசுரன்: பட்டமாக இருந்து வசவான சொல்

கந்தசஷ்டி ஆறாம் நாள் சாயங்காலம், மாயவரம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் சூரனுக்குத் தலை மாற்றுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். யானைத் தலையைக் கழற்றிக் கீழே வைப்பார்கள். சிங்கத் தலையை மாட்டுவார்கள். அப்புறம் முறுக்கு மீசையோடு சொந்தத் தலை. தலைக்கு அடியில் இருக்கும் கட்டை கழுத்துத் துளையில் லேசில் இறங்காது. "சீக்கிரம் முடிங்கப்பா, தோள் விட்டுப்போச்சு" என்று சூரனைத் தூக்கி நிற்பவர் கத்துவார். பயந்து அழும் பேரப்பிள்ளைகளுக்கு அப்பாயி சொல்லும் விளக்கம் ஒரே வரிதான்: "சுரர்னா தேவரு, அசுரர்னா தேவரு இல்லாதவங்க."

ஊரெல்லாம் சொல்லும் விளக்கம்தான். ஆனால் சொல் பிறந்த வழி அதுவல்ல.

ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் 'அசுர' என்பது ஒரு பட்டம். வருணனுக்கு உண்டு, அக்கினிக்கு உண்டு, இந்திரனுக்கே உண்டு. 'அசு' என்றால் உயிர், உயிர்மூச்சு. அந்த ஆற்றல் நிறைந்த தலைவன் அசுரன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பழைய ஈரானிய மொழியில் இதே சொல் 'அகுர' ஆனது. பார்சிகள் பின்பற்றும் ஜரதுஷ்டிரர் நெறியில் முழுமுதற் கடவுளின் பெயரே அகுர மஸ்தா. வேடிக்கை என்னவென்றால், அங்கே 'தேவ' என்ற சொல்தான் கெட்ட ஆவியைக் குறிக்கும். இங்கே நடந்தது தலைகீழ். காலப்போக்கில் அசுரர் தேவர்களின் பகைவரானார்கள். முன்னால் நிற்கும் 'அ' எதிர்மறை என்று தோன்றியது. அதை வெட்டி எடுத்து 'சுர' என்று புதுச் சொல் செய்தார்கள். அதாவது அசுரன் முதலில் வந்தான், சுரன் பிறகு.

வால்மீகி ராமாயணத்தின் பால காண்டத்தில் வேறு கதை. பாற்கடலில் இருந்து மதுவின் தெய்வமான வாருணி வந்தபோது ஏற்றுக்கொண்டவர்கள் சுரர், மறுத்தவர்கள் அசுரர். அந்தக் கணக்கில் பார்த்தால் குடிக்காதவன்தான் அசுரன்!

ராட்சசன் வேறு. 'ரக்ஷ்' என்றால் காத்தல். நீரைக் காக்கிறோம் என்று சொன்னவர்களைப் பிரம்மா ராட்சசர் ஆக்கினார் என்கிறது உத்தர காண்டம். தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. முன்னால் ஓர் அகரம் சேர்ந்து அரக்கன் ஆனான், ரங்கம் அரங்கம் ஆனது போல. புறநானூறு 378-இல் சோழன் இளஞ்சேட்சென்னியைப் பாடும் ஊன்பொதி பசுங்குடையார், சீதையைக் கவர்ந்தவனை 'வலித்தகை அரக்கன்' என்கிறார். சோழன் கொடுத்த நகையைப் பார்த்து மலைத்துப்போன சுற்றத்தார் விரலில் போடுவதைக் காதிலும், காதில் போடுவதை விரலிலும் மாட்டிக்கொண்டார்களாம், சீதை போட்டுப்போன நகைகளைக் கண்டெடுத்த குரங்குகள் மாதிரி.

அசுரனுக்குச் சங்கத் தமிழில் உள்ள சொல் அவுணன். சூரன் என்ற பெயர் சுரன், அசுரன் என்ற சொல் வரிசையில் வராது. தமிழில் 'சூர்' அச்சம் தரும் தெய்வம்; வடமொழியில் 'சூர' வீரன். கெட்டிக்காரப் பையனை 'பெரிய சூரன்' என்கிறோமே, அது இந்த இரண்டாவது.

சரி, அசுர குணம்? கீதையின் 16-ஆம் அத்தியாயம் தெய்வ குணத்தையும் அசுர குணத்தையும் பிரித்துச் சொல்கிறது. கோரைப்பல், கொம்பு எதுவும் அசுர குணப் பட்டியலில் இல்லை. பகட்டு, செருக்கு, தன்னைப் பற்றிய பெரிய நினைப்பு, சினம், கடுஞ்சொல், அறியாமை, அவ்வளவுதான். 'இன்று இது கிடைத்தது, இனி அதையும் அடைவேன்' என்று அவன் தனக்குள் பேசிக்கொள்வதாகவும் வருகிறது. குறுவைப் பணம் கைக்கு வந்த அன்று, "பக்கத்து வயலையும் வளைச்சுட்டா வரப்பே வேண்டாம்" என்று டீக்கடையில் கேட்காத குரலா இது?

சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லும் எட்டுத் தலங்கள்தான் அட்டவீரட்டம். அவற்றில் ஆறு காவிரிப் படுகையில்தான் இருக்கின்றன. திருவதிகையும் திருக்கோவலூரும் மட்டும் வெளியே. இந்த ஆறில் சிவனிடம் அடிபட்டவர்கள் யார் என்று பாருங்கள். வழுவூரில் யானை உருவில் வந்த கயாசுரன், திருவிற்குடியில் சலந்தரன். அசுரர் இந்த இருவர்தான். கண்டியூரில் தலை போனது பிரம்மாவுக்கு. திருப்பறியலூரில் வேள்வி செய்த தக்கன், திருக்குறுக்கையில் காமன், திருக்கடவூரில் எமன். நாலு பேரும் தேவர் பக்கத்து ஆட்கள். பிறப்பைப் பார்த்து விழுந்த அடியாக எனக்குத் தெரியவில்லை. மறுபக்கம் மெலட்டூரில் ஆடும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில், இரணியன் என்ற அசுரனின் பிள்ளை பிரகலாதன்தான் பக்தன்.

ஆகவே தமிழில் எழுதும்போது அசுரனுக்கு அவுணன், ராட்சசனுக்கு அரக்கன். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. இராவணன் அரக்கன், சூரபத்மன் அவுணன். அசுர குணத்துக்கு 'அவுணத்தன்மை' என்று புதிதாகக் கட்டுவதைவிடச் செருக்கு போதும் என்பேன், தக்கனுக்கும் அது பொருந்தும். 'அசுர வேகம்', 'அசுர உழைப்பு' என்பவற்றில் கை வைக்க வேண்டாம். திட்டு இல்லாமல் ஆற்றலை மட்டும் சொல்லும் அந்தப் பழைய பொருள் அங்கேதான் மிச்சமிருக்கிறது. 2004-இல் நாகப்பட்டினத்தைத் தாக்கியதை 'ராட்சத அலை' என்று எழுதினார்களே, அதற்கு மட்டும் அரக்கன் வேண்டாம். ஆழிப்பேரலை என்ற சொல் இருக்கிறது.