பிள்ளைக்கு எடை ஏறவில்லை: சிங்கப்பூரில் முதலில் எங்கே போவது, யார் பணம் கட்டுவது?

ஒன்றரை வயதுப் பிள்ளை. நாலு நாள் வயிறு போகும், அடுத்த நாலு நாள் போகவே போகாது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய சட்டை இன்னும் தொளதொளவென்றே இருக்கும். பாட்டி கண்ணு பட்டிருக்கும் என்பார், ஊரிலிருந்து போன் பண்ணும் அத்தை ஓம வாட்டர் கொடு என்பார். இதெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வைத்தியத்தில் அதனால் ஒரு குறையும் இல்லை. செலவில்தான் வித்தியாசம்: பெரிய மருத்துவமனைக்கு யாருடைய கடிதத்தோடு போகிறீர்கள் என்பதை வைத்தே பின்னால் வரும் பில் எல்லாம் அமைகிறது.

பலதுறை மருந்தகம், அதாவது அரசு பாலிகிளினிக், அங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தோடு கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போனால், உங்கள் பிள்ளை மானிய நோயாளி. சாஸ் (CHAS) அட்டை, அதாவது தனியார் கிளினிக்கில் அரசு சலுகை தரும் அட்டை, வைத்திருந்தால் அந்தத் திட்டத்தில் உள்ள சாஸ் கிளினிக் டாக்டரின் கடிதத்துக்கும் அதே மதிப்புதான். தனியார் நிபுணரின் கடிதத்தோடு போனாலோ, இந்த டாக்டர்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டாலோ தனியார் கட்டணம். நடுவில் மானியத்துக்கு மாற வேண்டுமென்றால் மருத்துவமனையிடம் விண்ணப்பித்து, வீட்டு வருமானம் எல்லாம் காட்டி, அவர்கள் சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு முடிகிற விஷயம் என்றால் பரவாயில்லை. வயிற்றுப் பிரச்சினையோ மாதக்கணக்கில் இழுக்கும்: ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, உணவியல் நிபுணர், மறுபடி எடை, மறுபடி டாக்டர். அதனால் என் அபிப்பிராயம், அவசரம் இல்லாதவரை பலதுறை மருந்தகத்திலிருந்தே தொடங்குங்கள். அங்கே டாக்டர் உடனே கடிதம் எழுதாமல், சில வாரம் கழித்து மறுபடி எடை பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு எடையை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டு மூன்று எடைகள் சேர்ந்தால்தான் பிள்ளை வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பது தெரியும்.

வயதுக்கு ஏற்ற எடையைக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டிலிருந்து பிள்ளை கீழே இறங்குகிறதா என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார். சில பிள்ளைகள் பிறவியிலேயே ஒல்லி, தன் கோட்டிலேயே ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். அந்த வரைபடத்தில் போட்டிருக்கும் பெரிய கோடுகள் இரண்டைத் தாண்டிக் கீழே வந்திருந்தால்தான் தீர விசாரிப்பார்கள். அந்தக் கோடு சரியாக இருக்க வேண்டுமானால் எடையும் சரியாக எடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாம்பர்ஸைக் கழற்றிவிட்டு, சட்டை இல்லாமல், முடிந்தால் அதே இயந்திரத்தில். நனைந்த பாம்பர்ஸோடு எடுத்த எடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு என்ன பயன்? பழைய எடைகள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்திலோ அரசின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியிலோ இருக்கும், உங்கள் சிங்பாஸ் (அரசு மின்னடையாளம்) மூலம் நுழைந்து பிள்ளையின் பதிவைப் பார்க்கலாம். கூடவே ஒரு வாரம் என்ன சாப்பிட்டது, எவ்வளவு பால், எத்தனை தடவை வயிறு போனது என்று எழுதிக்கொண்டு போங்கள். பாம்பர்ஸைப் போட்டோ எடுத்துக் காட்டவும் வெட்கப்பட வேண்டாம், டாக்டருக்கு அது உங்கள் வர்ணனையைவிட உதவும். தேக்காவில் வாங்கிய நாட்டு மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எது கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பால் கணக்கை ஏன் கேட்கிறார்கள் என்றால், நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பாட்டிலிலேயே வயிற்றை நிரப்பும் பிள்ளைக்குச் சோறு இறங்காது, மலம் இறுகும், இரும்புச்சத்தும் குறையும். ஜூஸ் கணக்கும் அப்படித்தான், அதிகமானால் வயிறு போகும்.

மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, மணிக்கணக்கில் சிறுநீரே போகாமல் பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் கடிதம், மானியம் எல்லாம் அப்புறம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், கேகே மருத்துவமனையில் சிறுவர்களுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும், யாருடைய கடிதமும் வேண்டாம்.

இனி பணத்துக்கு வருவோம். பொது மருத்துவமனையின் நிபுணர் வெளிநோயாளி பிரிவில் சிங்கப்பூரர்களுக்கு மானியம் 30 முதல் 70 விழுக்காடு வரை, நிரந்தரவாசிகளுக்கு அதைவிடக் குறைவு. எவ்வளவு என்பது குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் எவ்வளவு வருமானம் விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே முகவரியில் பதிவாகியுள்ள குடும்பத்தார் எல்லாரையும் சேர்த்து எண்ணுவார்கள். வீட்டில் மொத்தம் 6,000 வெள்ளி வருகிறது, தாத்தா பாட்டியோடு ஐந்து பேர் என்றால் ஒருவருக்கு 1,200. சலுகை எவ்வளவு என்பதைக் காட்டும் சாஸ் அட்டையின் நிறமும் இதே கணக்கில்தான் முடிவாகிறது. வரம்புகளை அவ்வப்போது உயர்த்துகிறார்கள், அதனால் போன தடவை கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் மறுபடி பாருங்கள்.

வழக்கமான வளர்ச்சிப் பரிசோதனைகளுக்கும், தேசியப் பட்டியலில் உள்ள தடுப்பூசிகளுக்கும் நவம்பர் 2020 முதல் சிங்கப்பூரர் பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்திலும் சாஸ் கிளினிக்கிலும் முழு மானியம். ஊசி இல்லாத தவணை என்றால் நிறையப் பேர் போகாமல் விட்டுவிடுகிறார்கள், எடை நின்றுபோவது முதலில் தெரியவருவதே அந்தப் பரிசோதனையில்தான்.

மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கு, இந்த விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். சிங்கப்பூரராகப் பிறந்த பிள்ளைக்கு அரசு 4,000 வெள்ளியை அதன் பெயரிலேயே மெடிசேவ் கணக்கில் போடுகிறது, விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் சாதாரணமாக டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் கட்டணத்துக்கு அதை எடுக்க முடியாது. வார்டில் தங்கினால், எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) போன்ற பகல்நேரச் சிகிச்சை செய்தால் எடுக்கலாம், சில வெளிநோயாளி ஸ்கேன்களுக்கும் ஆண்டு வரம்புக்குள் எடுக்கலாம். அப்பா அம்மாவின் மெடிசேவையும் பிள்ளைக்குப் பயன்படுத்தலாம். பெரிய பில்லுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி இருக்கிறது, சிங்கப்பூரர், நிரந்தரவாசி எல்லாருக்கும் உண்டு, பிறவிக் குறைபாடு என்றாலும் ஒதுக்காது. அதற்கு மேல் தனியார் காப்புறுதி சேர்க்க நினைத்தால், நோய் கண்டுபிடித்த பிறகு விண்ணப்பிக்கும்போது அந்த நோயை மட்டும் நிறுவனம் விலக்கி வைக்கலாம். ஏஜெண்ட் வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

அப்படியானால் டாக்டர் கட்டணத்துக்கும் மருந்துக்கும்? அதற்குத்தான் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு (CDA), பிள்ளையின் செலவுகளுக்காகப் பெற்றோரும் அரசும் பணம் போடும் சேமிப்புக் கணக்கு. பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திட்டத்தில் பதிந்துள்ள கிளினிக், மருத்துவமனை, மருந்துக் கடைகளிலும் செல்லும், அண்ணன் அக்காவின் கணக்கிலிருந்தும் தம்பிக்குக் கட்டலாம். 14 பிப்ரவரி 2023 முதல் பிறந்த பிள்ளைக்கு நீங்கள் ஒரு காசு போடாவிட்டாலும் அரசு குறைந்தது 5,000 வெள்ளி போடுகிறது. அதற்கு மேல் நீங்கள் போடுவதற்கு ஈடாக அரசும் போடும், முதல் பிள்ளைக்கு 4,000 வரை, இரண்டாவதற்கு 7,000 வரை. டாக்டர் சிறப்புப் பால்மாவு எழுதிக் கொடுத்தால், விலையைக் கேட்டு மயங்குவதற்கு முன் இந்தக் கணக்கில் எங்கே வாங்க முடியும் என்று அங்கேயே விசாரியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கட்ட முடியவில்லை என்றால் மருத்துவ சமூக சேவை அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கவுண்டரில் சொன்னால் போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ள சிங்கப்பூரர்களுக்கு மெடிஃபண்ட் ஜூனியர் என்று தனியாகவே ஒரு நிதி 2013 முதல் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு கிட்ஸ்டார்ட் திட்டமும் உண்டு, வீட்டுக்கே வந்து சாப்பாடு, வளர்ப்பு பற்றிச் சொல்லித் தருவார்கள்.

வேலைக்கான பாஸில் வந்திருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதில் பெரும்பாலானவை கிடையாது. சார்ந்திருப்போர் அட்டையில் (டிபெண்டண்ட்ஸ் பாஸ்) உள்ள பிள்ளைக்கு மானியமோ மெடிஷீல்டோ இல்லை. பலதுறை மருந்தகத்தில் பார்ப்பார்கள், முழுக் கட்டணம். கம்பெனி காப்புறுதியில் பிள்ளையும் சேர்ந்திருக்கிறதா, வெளிநோயாளிச் செலவு வருமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு விலக்கு உண்டா என்று மனிதவளப் பிரிவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக லீவு. பிள்ளை சிங்கப்பூரர், ஏழு வயதுக்குக் கீழ், நீங்கள் அந்த முதலாளியிடம் மூன்று மாதமாவது வேலை செய்திருக்கிறீர்கள் என்றால் ஆண்டுக்கு 6 நாள் சம்பளத்தோடு பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. அம்மாவுக்கு 6, அப்பாவுக்கும் 6. எத்தனை பிள்ளை இருந்தாலும் அதே 6தான், எடுக்காவிட்டால் அந்த ஆண்டோடு போய்விடும். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால் இருவருக்கும் தலா 12 நாள் சம்பளமில்லா விடுப்பும் உண்டு, 2024க்கு முன் அது 6 நாளாக இருந்தது. பிள்ளை சிங்கப்பூரர் இல்லாவிட்டாலும் வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வருகிற பெற்றோருக்கு ஆண்டுக்கு 2 நாள் கிடைக்கும். மருத்துவமனை நாட்கள் முழுக்க அம்மாவின் தலையில் விழாமல், முதல் சந்திப்புக்குத் தேதி கிடைத்தவுடனே யார் எந்த நாள் எடுப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.