மீள்பாய்வு: சொல் விளக்கம்

வயலுக்கோ தோட்டத்துக்கோ பாய்ச்சிய நீரில் பயிர் குடித்ததும் வெயில் உறிஞ்சியதும் போக மிஞ்சியது எங்கே போகிறது? கொஞ்சம் வடிகாலில் இறங்கி ஓடுகிறது. மிச்சம் மண்ணுக்குள் கசிந்து, நாள் கழித்தோ மாதம் கழித்தோ ஆற்றையோ நிலத்தடி நீரையோ சேர்கிறது. நீரியலாளர்கள் இதை ‘ரிட்டேர்ன் ஃபுளோ’ என்கிறார்கள். தமிழில் மீள்பாய்வு என்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

மீள்தல் வேறு, மீட்டல் வேறு. ஈடு வைத்த காணியை மீட்கிறோம். அங்கே மீட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். நோயிலிருந்து மீள்கிறோம்; அது தானாக நடப்பது. பாசன நீரை யாரும் பிடித்து ஆற்றுக்குக் கொண்டுபோய் விடுவதில்லை, தன் சரிவில் தானே திரும்புகிறது. ஆகவே ‘மீள்’. பாய்தலும் அப்படித்தான். கமக்காரர் பாய்ச்சுகிறார், ஆறு பாய்கிறது. பாய்ச்சிய நீர் மறுபடி தானே பாய்வதை இந்த ஒரு சொல் முழுதாகச் சொல்லிவிடுகிறது.

வேறு சொற்களையும் பார்க்கலாம். ‘கழிவுநீர்’ என்றால் மலக்குழியும் ஆலைக் கழிவும்தான் நினைவுக்கு வரும். ‘பின்னோட்டம்’ குழாயில் நீர் எதிர்த்திசையில் போவதற்கு உரியது. ‘மீட்புநீர்’ சுத்திகரித்து மறுபடி எடுத்த நீருக்குப் பொருந்தும். குளம் வான் பாயும்போது வெளியேறுகிற நீரும் மீள்பாய்வு அல்ல, ஏனென்றால் அது இன்னும் எந்த வயலையும் தொடவில்லை.

சொல் புதிதாகத் தோன்றலாம், ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குப் பொருள் பழையது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கு இறைக்கும்போது கவனித்திருப்பீர்கள். பம்பிலிருந்து வந்த நீர் வாய்க்காலில் ஓடுகிறது. மண்வெட்டியோடு ஒருவர் தண்ணீர் மாறுகிறார்: ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண் போட்டு அடைத்து, அடுத்ததன் வாயை வெட்டி விடுகிறார். முதற் பாத்தியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் நீர் இறங்கத் தொடங்கிவிடும். அடியில் வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். பயிர் எடுக்காமல் விட்டது அதன் வழியாக, இறைத்த அதே நிலத்தடி நீரிலேயே போய்ச் சேர்கிறது. இறைத்த கிணறு ஊறும் என்பார்கள். அந்த ஊற்றில் நாம் இறைத்ததும் ஒரு பங்கு. வன்னியிலோ இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொடராக அமைந்த குளங்களில் மேற்குளத்து வயலின் கழிவு வாய்க்கால்தான் கீழ்க்குளத்துக்கு நீர் கொண்டுவருகிறது.

ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு நம் குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஆகவே ஆற்றுக் கணக்கில் மீள்பாய்வு என்ன செய்கிறது என்று பார்க்க வறண்ட மலைநாடு ஒன்றுக்குப் போவோம். சிலியின் வட பகுதியில் எல்க்கி, லிமாரி என்று இரண்டு ஆறுகள் அந்தீசு மலையிலிருந்து இறங்குகின்றன. நமக்கு ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. எல்க்கி கடலைச் சேரும் இடத்திலுள்ள லா செரேனா நகரில் அது 100 மில்லிமீற்றரை எட்டுவதே அரிது. அங்கே ஆற்றுக்கு உயிர் மலைப்பனிதான். ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான குளிர்காலத்தில் விழும் பனி, கோடை தொடங்கும்போது உருகி வருகிறது. பள்ளத்தாக்கில் அதை வாய்க்கால்களில் திருப்பித் திராட்சைத் தோட்டங்களுக்கு விடுகிறார்கள். எஞ்சியது பள்ளத்தாக்கின் பரல் படிவுகளுக்குள் இறங்கி, கீழே போய் மறுபடி ஆற்றில் தலைகாட்டுகிறது. அந்நாட்டு நீரியலாளர் இப்படித் திரும்பி வருவதை ‘ரெக்குப்பெராசியோன்’ என்கிறார்கள். மீட்சி என்று பொருள். நமக்கும் அவர்களுக்கும் ஒரே எண்ணம்தான் வந்திருக்கிறது.

இப்போது கணக்கு. மலையடியில் ஆறு செக்கனுக்கு 10 கன மீற்றர் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கால்கள் 6 எடுக்கின்றன. மிஞ்சுவது 4 என்றுதானே நினைப்போம்? ஆனால் கீழே ஆற்றோட்டத்தை அளக்கும் அளவுகோல் 7 காட்டுகிறது. 3 திரும்பி வந்திருக்கிறது. பயிரும் வெயிலும் உண்மையில் தின்றது 3 மட்டுமே.

ஆற்றோட்டத்துக்கு மாதிரியுரு, அதாவது ஓட்டத்தைக் கணித்துக் காட்டும் கணக்கு அமைப்பு, செய்பவர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கணினியில் மழை, பனி, வெப்பநிலை எல்லாவற்றையும் கொடுத்து, வருகிற விடையை அளவுகோலில் பதிவான ஓட்டத்தோடு ஒப்பிட்டு, பொருந்தும் வரை மாதிரியுருவின் மாறிலிகளை அசைத்துப் பார்ப்பது வழக்கம். பொருத்தத்தை அளக்க, 1970 இல் நாஷ், சட்கிளிஃப் என்ற நீரியலாளர் இருவரும் முன்வைத்த குறியீடு இன்றும் பயன்படுகிறது. 1 வந்தால் முழுப் பொருத்தம். பாசனத்தை மாதிரியுருவில் சேர்க்காமல் விட்டாலும் நல்ல எண் வந்துவிடக்கூடும். எப்படி என்றால், காணாமற்போன நீரைச் சரிக்கட்ட மாதிரியுரு ஆவியாதலைக் கூட்டிக்கொள்கிறது, கோடை கடைசியில் ஆற்றில் தெரியும் மீள்நீரைப் பனியுருகலாகக் காட்டிவிடுகிறது. விடை சரி, காரணம் பிழை. காலநிலை மாறும்போதோ தோட்டம் பெருகும்போதோ அந்த மாதிரியுருவை நம்பி எடுத்த முடிவெல்லாம் சரிந்துவிடும்.

சரி, என்னதான் செய்வது? பயிர் நிலத்தின் பரப்பைச் செய்மதிப் படத்திலிருந்து எடுத்து, ஆவியுயிர்ப்பை (மண்ணிலிருந்தும் பயிரின் இலையிலிருந்தும் ஆவியாகிப் போகிற நீரை) தனியாகக் கணித்து, வாய்க்கால் எடுப்பையும் மீள்பாய்வையும் தனித்தனிப் பெட்டிகளாக மாதிரியுருவில் வைக்க வேண்டும். எத்தனை பங்கு திரும்புகிறது, எத்தனை நாள் கழித்துத் திரும்புகிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும். முதலாவதை மீள்பாய்வுப் பங்கு என்றும் இரண்டாவதை மீள்பாய்வுத் தாமதம் என்றும் சொல்லலாம். தாமதம்தான் கடினம். நிலத்துக்கடியில் போகிற நீரை எந்த அளவுகோலும் நேரே பார்ப்பதில்லை.

சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மிடமும் அது நீரை மிச்சப்படுத்தும் வழியாகவே பேசப்படுகிறது. அதே ஆற்றில் வாய்க்கால்கள் 6 எடுப்பதை விடாமல், சொட்டுக்குழாயால் மிச்சமானதை வைத்துத் தோட்டத்தைப் பெருக்கினால் பயிர் தின்பது 5 ஆகும், திரும்புவது 1. கீழே அளவுகோல் 5 தான் காட்டும். தோட்டக்காரர் ஒரு துளிகூட வீணாக்கவில்லை. ஆனால் கீழ்க்கரையில் இருப்பவருக்கு முன்னர் கிடைத்த 7 இல்லை. சொட்டுநீர்ப் பாசனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுப்பையும் கூடவே குறைத்தால்தான் கீழே ஓட்டம் குறையாமல் நிற்கும்.

சட்டத்திலும் இந்தக் கருத்துக்கு இடமுண்டு. கொலறாடோ ஆற்று நீரைப் பங்கிட்ட அரிசோனா–கலிபோர்னியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964 இல் பிறப்பித்த ஆணை, ஆற்றிலிருந்து எடுத்ததில் மீள்பாய்வைக் கழித்து வருவதையே நுகர்வாகக் கொள்கிறது.

அளவைப் போலத் தன்மையும் முக்கியம். போன நீர் அப்படியே திரும்புவதில்லை. 1961 இல் அரிசோனாவின் வெல்ற்றன்-மொகாக் பாசன நிலங்களிலிருந்து வடித்த உப்புநீர் கொலறாடோவில் கலந்து, மெக்சிக்கோவின் மெக்சிக்காலிச் சமவெளிப் பயிர்களைப் பாதித்தது. இரு நாட்டுப் பிணக்காக வளர்ந்த அது 1973 இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. நம் கிணறுகளிலும் கதை கிட்டத்தட்ட அதேதான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போட்ட யூரியா, மீள்நீரோடு நைத்திரேற்றாக இறங்கி, இறைத்த அதே நீருக்கே வருகிறது. யாழ்ப்பாணத்தில் நீர்ச்சமநிலை, அதாவது நீரின் வரவு செலவுக் கணக்கு, எழுதுகிறவர்கள் மீள்பாய்வுக்கு ஒரு நிரல் ஒதுக்கினால், பக்கத்திலேயே நைத்திரேற்றுக்கும் ஒரு நிரல் ஒதுக்க வேண்டும்.