மீன்பார்வை வில்லை: ‘ஃபிஷ் ஐ’ என்ற பெயர் எதைச் சொல்கிறது?

சுமார் 180 டிகிரிக் காட்சியை ஒரே படத்தில் அடக்கும் கேமரா லென்ஸ் ‘ஃபிஷ் ஐ லென்ஸ்’. அதை மீன்கண் வில்லை, மீன்விழி வில்லை என்று எழுதுகிறோம். இரண்டையும் கேட்டதும் தமிழ்க் காதுக்கு நினைவு வருவது அங்கயற்கண்ணி. அழகிய கயல்மீன் போன்ற கண்ணை உடையவள் என்பது பொருள். அங்கே மீன் உவமை. அந்தப் பழக்கத்தில், புடைத்து நிற்கும் முன்கண்ணாடி மீனின் கண்போல் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

பெயரைத் தந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், 1906இல். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலுலகம் எப்படித் தெரியும் என்று அறிய, வாளியின் அடியில் ஒளிப்படத் தகடும் நடுவில் சிறு லென்சும் வைத்து, நீர் நிரப்பிப் படமெடுத்தார். ஏற்காடு ஏரியில் அலையில்லாத வேளையில் ஒரு மீன் அண்ணாந்து பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். இக்கரை மரம், அக்கரைக் குன்று, நடுவானம் என 180 டிகிரியும் ஒளிவிலகலால் சுமார் 97 டிகிரிக் கூம்புக்குள் நெருங்கி, தலைக்கு மேல் வட்டச் சன்னலாகத் தெரியும். ஆகவே பெயர் குறிப்பது மீனின் பார்வையை. ‘மீன்பார்வை வில்லை’ என்பதே நேரான தமிழ். உவமைக் குழப்பம் அதில் இல்லை.

வில்லை பழகிய சொல்தான்: கற்பூர வில்லை நம் வீட்டில் உண்டு. லத்தீனில் ‘லென்ஸ்’ மைசூர்ப் பருப்பு வகையின் பெயர்; இரு மொழியும் வடிவத்தைப் பார்த்தே பெயரிட்டிருக்கின்றன. ‘ஃபோக்கஸ்’ லத்தீனில் அடுப்பு. நம் ‘குவியம்’ கதிர் குவிவதையே சொல்லிவிடுகிறது. வில்லையிலிருந்து குவியம் வரையுள்ள ஃபோக்கல் லென்த் குவியத் தொலைவு.

குவியத் தொலைவை மட்டும் வைத்து மீன்பார்வையா என்று சொல்ல முடியாது. முழுச்சட்டக (36 × 24 மி.மீ.) கேமராவில் சாதாரண 15 மி.மீ. அகலக்கோண வில்லை மூலைக்கு மூலை சுமார் 110 டிகிரி காட்டும், நேர்கோட்டை நேராகவே வைக்கும். அதே 15 மி.மீ. மீன்பார்வை வில்லை 180 டிகிரி காட்டி, கோட்டை வளைக்கும். கோடு நேராகவே இருக்க வேண்டுமென்றால் 180 டிகிரிக்கு முடிவில்லாத அகலமுள்ள சென்சார் தேவைப்படும். 180 டிகிரியையும் சிறு சென்சாருக்குள் அடக்கக் கொடுக்கும் விலைதான் வளைவு. 8 மி.மீ. மீன்பார்வை வில்லை என்றால் படம் ஏறத்தாழ 23 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக விழும், சுற்றிலும் கறுப்பு. முழுச்சட்டகத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் படம் மூலைவரை நிறைய 10 மி.மீ. அளவு வேண்டும், முழு வட்டத்துக்கு 4.5 மி.மீ.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தை எடுக்கும்போது கேமராவைச் சற்றுத் தாழ்த்தினால் தொடுவானம் சட்டத்தின் மேற்பாதிக்குப் போய் வில்லாய் வளையும். நடுவில் வைத்தால் நேராக நிற்கும். முன்னுள்ள கம்பித் தடுப்பு எப்படியும் வளையும். தவிர்க்க, கம்பிக்கு மேலே கேமராவை நீட்ட வேண்டும். முக்காலியின் காலும் நம் செருப்பு நுனியும் படத்துக்குள் வருவது இந்த வில்லையில் அடிக்கடி நடப்பது.

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் இதற்கு இன்னொரு நல்ல வேலை உண்டு: சில்வர் ஓக் நிழல் எவ்வளவு என்று அளப்பது. காப்பிச் செடிக்கு மேலாக, வட்ட மீன்பார்வை வில்லையை உச்சிவானம் நோக்கி வைத்து, ரசமட்டம் பார்த்து, வடக்கைக் குறித்துக்கொண்டு எடுக்க வேண்டும். வில்லை காட்சியைத் தட்டையான படமாக விழவைக்கும் முறை வீழல் (புரொஜெக்‌ஷன்). சம பரப்பு வீழல் கொண்ட வில்லையானால் வானத்தின் சம பங்குகள் படத்திலும் சம பரப்பாகவே விழும். வானமாகப் பதிந்த வெள்ளைப் புள்ளிகளை (பிக்சல்) எண்ணினாலே திறந்த வானத்தின் பங்கு கிடைத்துவிடும். வேறு வீழலானால் திருத்தம் தேவை. சூரியன் எழுமுன், அல்லது சீரான மேகமூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். நேர்வெயிலில் இலையோரம் வெளிறி வானமாகக் கணக்காகும், நிழல் குறைவாகத் தெரியும். ஒளியூட்டத்தை (எக்ஸ்போஷர்) அதிகம் வைத்தாலும் இதே பிழைதான்.

புடைத்த முன்கண்ணாடியில் பெரும்பாலும் ஃபில்டர் திருக முடியாது. தேவையானால் பின்பக்கம் ஜெலட்டின் ஃபில்டர் துண்டு செருகும் வசதி சில வில்லைகளில் உண்டு. ஏற்காட்டு மூடுபனி அந்தக் கண்ணாடியில் துளித்துளியாய் உட்கார்ந்தால், ஒவ்வொரு துளியும் படத்தில் மங்கல் திட்டு. மென்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே மூடியைப் போட்டுவிட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும்.